ஜீப்பை உயர்த்தும் முன் எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்!

தீபாவளி முடிந்து, பாக்கி வசூலாகி, ஆலைகள் மறுபடி பூஜை போட்டுத் திறக்கும் வரை உள்ள நாட்கள்தான் எங்கள் சிவகாசிப் பக்கத்தில் புது வண்டி வாங்கும் காலம். முன்பெல்லாம் இந்தச் சமயத்தில் நகைக்கடையில்தான் கூட்டம் இருக்கும். இப்போது டயர் கடையிலும் அதே கூட்டம். ஜீப் மாதிரி வண்டியை வாங்குவது, வாங்கிய மாதமே அதன் ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்துவது, பிறகு மாட்டு வண்டிச் சக்கரம் போல் பெரிய டயர் போடுவது. இதற்கு 'லிப்ட் கிட்' என்று பெயராம். எங்கள் தெருவில் மட்டும் இப்படி மூன்று வண்டிகள் நிற்கின்றன. நாலாவது எங்கள் வீட்டு வண்டியாக இருந்திருக்கும்.

மகளிர் பக்கத்தில் டயரைப் பற்றி என்ன பேச்சு என்று சில சகோதரிகள் நினைக்கலாம். அந்த வண்டியில் ஏறி இறங்குவது யார்? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சேலையையும் பிடித்துக்கொண்டு, பையையும் தூக்கிக்கொண்டு ஏறுவது நாம்தானே! பிரிட்ஜ் வாங்கும்போது "எத்தனை லிட்டர் வேணும்?" என்று நம்மைக் கேட்கிறார்கள். அதைப்போல் பல மடங்கு விலையுள்ள வண்டியைப் பிரித்து மாற்றும்போது மட்டும் "உனக்கென்ன தெரியும்?" என்கிறார்கள். தெரியாது, சரி. தெரிந்துகொள்ள முடியாத விஷயமா அது?

எங்கள் கொழுந்தனார் பட்டாசு ஆலைகளுக்கு அட்டைப் பெட்டி சப்ளை செய்கிறார். வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கம் ஆர்டர் எடுக்கப் போக மகிந்திரா தார் வைத்திருக்கிறார். 2020-ல் புதிதாக வந்ததே, அந்த மாடல். "மதினி, ரெண்டு இன்ச் லிப்ட், முப்பத்து மூணு இன்ச் டயர். போட்டா வண்டி கரிசல்ல சும்மா பறக்கும்" என்றார். மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆகும் என்று ஒரு கடையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பிறகு தையல் மிஷின் டிராயரில் இருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியடியில் போனேன். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

முதலில் டயர் மேல் எழுதியிருக்கும் நம்பரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பால் பாக்கெட்டில் தேதி பார்ப்பது போலத்தான், கஷ்டமே இல்லை. அந்த வண்டியில் 255/65 ஆர் 18 என்று இருந்தது. 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு டயரின் பக்கச் சுவர் உயரம் என்று அர்த்தம். 18 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். 255-ல் 65 பங்கு கிட்டத்தட்ட 166 மில்லிமீட்டர். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ரிம் 457. கூட்டினால் 789 மில்லிமீட்டர், அதாவது 31 அங்குலம். ஆக, கம்பெனி போட்டுக் கொடுத்ததே 31 அங்குல டயர்தான். முப்பத்து மூன்று போட்டால் கூடுவது இரண்டு அங்குலம். அதில் பாதி அச்சுக்கு மேலே போய்விடும். அச்சு தரையிலிருந்து உயர்வது ஒரே ஒரு அங்குலம்தான்! கட்டைவிரல் அகலத்துக்காக நாலு புது டயர்.

சரி, ஸ்பிரிங்கை உயர்த்தினால்? இங்கேதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வண்டிக்கடியில் குனிந்து பார்த்தால், பின் சக்கரங்கள் இரண்டையும் இணைத்து ஒரு கனமான இரும்புக் குழாய் போகிறது. அதன் நடுவில் பானை மாதிரி ஒரு உருண்டை. மெக்கானிக்குகள் ஹவுசிங் என்கிறார்கள். கல்லிலும் வரப்பிலும் முதலில் தட்டுவது பெரும்பாலும் அதுதான். ஸ்பிரிங் இந்த இரும்புக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் இருக்கிறது. ஸ்பிரிங்கை உயரமாக்கினால் உடம்பு மேலே போகும். அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும்! மழையில் சேலையைத் தூக்கிச் செருகினால் கரை நனையாது, கால் என்னவோ சேற்றில்தான். அதே கதை. அந்த உருண்டையை உயர்த்த வேண்டுமானால் டயர் ஒன்றுதான் வழி. அதன் பலன் ஒரு அங்குலம் என்று முன்பே பார்த்தோம்.

உயர்த்துவதால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முன் மூக்கும் பின் வாலும் மேட்டில் இடிக்காது, பெரிய டயர் திரும்பும்போது மட்கார்டில் உரசாது. கோவாவில் 2014 முதல் மழைக்காலத்தில் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்று ஒரு போட்டி நடக்கிறது. அங்கே வரும் வண்டிகளுக்கு உள்ளே இரும்புக் கூண்டு கட்டி, முன்னால் இழுவைக் கயிற்று உருளை பொருத்தி, ஓட்டுகிறவரை நாலு பட்டையால் கட்டிப்போட்டு ஓட்டுகிறார்கள். அது அந்த வேலைக்கே செய்த வண்டி. அதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, அத்தையை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வண்டிக்கு அதையே செய்வதுதான் எனக்குச் சம்மதமில்லை.

மலையில் ஓடும் ஜீப்பையும் பார்த்திருக்கிறேன். தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லி வழியாக ஜீப்பில்தான் போக வேண்டும். போன மே மாத லீவில் குடும்பத்தோடு போனோம். அதை ரோடு என்று சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும். எல்லாம் பாறாங்கல். அத்தனை ஜீப்பும் பழைய மகிந்திரா, டயர் மெலிசுதான், யாரும் லிப்ட் கிட் போட்டதாகத் தெரியவில்லை. முதல் கியரில் போட்டு, கல்லைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். டிரைவரிடம் கேட்டேன். "டயர்ல ஒண்ணும் இல்லக்கா, கால்லதான் இருக்கு" என்றார். கொழுந்தனாரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்!

எங்கள் பக்கத்து மண் வேறு. கரிசல் மண் வெயிலில் கை நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மழை பெய்தால் உளுந்து மாவு மாதிரி ஆகிவிடும். செருப்பில் ஒட்டினால் செருப்பு ஒரு கிலோ. டயரிலும் அதே கதி. சக்கரத்தின் பள்ளமெல்லாம் மண் அப்பி, டயர் மொழுக்கட்டையாகி, இருந்த இடத்திலேயே சுற்றும். இதற்கு மருந்து உயரம் இல்லை. டயரின் பூதான். பூக்களுக்கு நடுவில் இடைவெளி அகலமாக இருந்தால் சுற்றும்போது மண்ணை உதறிவிடும். சேற்றுக்கென்றே அப்படி டயர் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் போனால் ஓயாத இரைச்சல், மழை ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். ரோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவாக 'ஆல் டெரெய்ன்' என்று ஒரு ரகம் உண்டு. மாதத்தில் எத்தனை நாள் சேற்றில் போகிறோம், எத்தனை நாள் ரோட்டில் போகிறோம் என்று எண்ணிப் பார்த்துத்தான் ரகம் எடுக்க வேண்டும். நாங்கள் எண்ணினோம். மழை மாதத்திலேயே நாலு அல்லது ஐந்து நாள். மற்ற மாதங்களில் அதுவும் இல்லை.

இனி கெடுதலைச் சொல்கிறேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதும் தலையில் வைத்து நடப்பதும் ஒன்றா? பாரம் மேலே போகப் போக ஆட்டம் அதிகம். வண்டியும் அப்படித்தான். மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாலுவழிச் சாலை நம் விருதுநகர், சாத்தூர் வழியாகத்தான் போகிறது. அதில் எண்பதில் போகும்போது நடுத்திட்டு இடைவெளியில் திடீரென்று ஒரு டிவிஎஸ் எக்ஸெல் குறுக்கே வரும். இதை அனுபவிக்காதவர் யாராவது இருக்கிறீர்களா? சடாரென்று திருப்ப வேண்டிய அந்த ஒரு நொடியில், உயர்த்திய வண்டி சாயும். சேற்றில் சிக்கினால் டிராக்டரை வைத்து இழுத்துவிடலாம். அங்கே சாய்ந்தால் என்ன செய்வது?

பெரிய டயர் கனமும் கூட. பிரேக் மட்டும் பழைய பிரேக். கனமான சக்கரத்தை அதே பிரேக் நிறுத்த வேண்டும், அதே இன்ஜின் இழுக்க வேண்டும். மீட்டரும் பொய் சொல்லும். சக்கரம் பெரிதாகிவிட்டது மீட்டருக்குத் தெரியாதே! 31-ஐ 33 ஆக்கினால், மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85-ல் போகும். உயர்த்தியபின் முன் விளக்கைக் கீழே இறக்கி வைக்காவிட்டால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும். இரவில் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வரும் பெண்களைக் கேளுங்கள், எந்த வண்டி வெளிச்சத்தில் கண் கூசி ஓரம் கட்டினார்கள் என்று.

மலிவாக முடிப்பதில் இன்னும் ஆபத்து. ஸ்பிரிங்குக்கு மேலே வட்டமாக ஒரு கட்டையைச் சொருகி உயர்த்திவிடுவார்கள். ஸ்பேசர் என்று பெயர். பழைய ஷாக் அப்சர்வர் நீளம் போதாமல் எப்போதும் இழுத்துப் பிடித்த நிலையில் நிற்கும். பிரேக் ஆயில் ஓடும் ரப்பர் குழாயும் விறைத்துக்கொள்ளும். முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு சாய்ந்து நிற்கும், அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் உயர்த்தி நாலே மாதத்தில் முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்ந்து நூல் தெரிந்துவிட்டது. கடைக்காரர் அலைன்மென்டே பார்க்காமல் அனுப்பியிருக்கிறார். ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சர்வர், பிரேக் குழாய், அலைன்மென்ட், விளக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வதாக இருந்தால்தான் பேச்சே. தாவணிக்குத் தைத்த ஜாக்கெட்டைப் பட்டுச் சேலைக்குப் போட்டால் எங்காவது பிரியத்தானே செய்யும்?

சட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று இருக்கிறது. ஆர்.சி.யில் இருப்பதற்கும், தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரத்துக்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே 2019-ல் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். "எவன் மதினி பிடிக்கிறான்?" என்றார் கொழுந்தனார். பிடிக்காமலே இருக்கட்டும். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் வந்து முதலில் பார்ப்பதே வண்டி ஆர்.சி. பிரகாரம் இருக்கிறதா என்றுதான். சொல்லாமல் செய்த மாற்றம் அவர்களுக்கு ஒரு சாக்கு. வாரண்டிக்கும் அதே வம்பு. வண்டியை விற்றவர்களே ஸ்பிரிங் மாற்றியதைக் காட்டிக் கையை விரித்துவிடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு கொழுந்தனார் கடைசியாக ஒன்று சொன்னார். அதற்கு மட்டும் எனக்கு உடனே பதில் வரவில்லை. "ஆலையில ஒரு அசம்பாவிதம்னா ஆள ஏத்திட்டு வர இந்த மாதிரி வண்டிதானே மதினி உதவும்?"

நம் பகுதிச் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்புக்காக ஷெட்டுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவதால் ஆலைகள் ஊரை விட்டு விலகி, காட்டுப் பாதையின் கடைசியில் இருக்கின்றன. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். அதில் பெண்கள் எத்தனை பேர், காலையில் சோறு கட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். ஒரு நிமிடம் முந்தி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் தெரியும்.

இரண்டு நாள் யோசித்தேன். தீக்காயம் பட்ட ஒரு பெண்ணை, தொட்டாலே தோல் உரியும் நிலையில் இருப்பவளை, இன்னும் மூன்று அங்குலம் உயரத்துக்கு எப்படித் தூக்கி ஏற்றுவீர்கள்? அந்த வண்டிக்குப் பின்பக்கத்தில் ஆள் ஏறத் தனிக் கதவே இல்லை. முன் சீட்டை மடக்கி, குனிந்து, நுழைந்துதான் பின்னால் போக வேண்டும். முழங்கால் வலியுள்ள எங்கள் அத்தையே நல்ல நாளில் இரண்டு பேர் பிடித்தால்தான் ஏறுகிறார். படுக்க வைக்க இடமில்லாத, உயரமான, ஆடும் வண்டி காயம் பட்டவர்களுக்கு எந்த விதத்தில் உதவும்? படுக்கையை நேராக உள்ளே தள்ளக்கூடிய, தாழ்ந்த தளமுள்ள வண்டிதான் வேண்டும். நம் மாநிலத்தில் 2008 முதல் ஓடும் 108 வண்டி அப்படிப்பட்டதுதான். அது கரிசல் சேற்றில் ஆலை வாசல் வரை வர முடியாமல் மெயின் ரோட்டிலேயே நின்றால் குற்றம் வண்டியின் பேரிலா, பாதையின் பேரிலா?

என் கருத்து இதுதான். ஒவ்வொருவரும் ஒன்றரை லட்சம் செலவழித்துத் தன் ஜீப்பை உயர்த்துவதைவிட, ஒரே பாதையைப் பயன்படுத்தும் ஆலைக்காரர்களும் சப்ளைக்காரர்களும் அந்தப் பணத்தில் பாதியைப் போட்டுப் பாதைக்குக் கிராவல் அடிக்கலாம். ஊராட்சியில் மனுக் கொடுத்து, கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். ஆள் ஏற்றும் வேனும் அதில் போகும், 108-ம் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிளும் போகும். நம் பெண்கள் தினமும் போய் வரும் வேன்களுக்கு யாரும் பெரிய டயர் போடவில்லையே! மொட்டை டயரோடு அல்லவா ஓடுகின்றன சில? ஜீப் டயரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் ஆண்கள் அந்த வேன் டயரையும் ஒரு தடவை குனிந்து பார்த்தால் நன்றாக இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தைப் பள்ளத்தில் நிறுத்திப் பார்த்தாலே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்றால், லிப்ட் கிட் வேண்டாம் என்று முடிவாயிற்று. என் வீட்டுக்காரர் கடைசி வரை இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார், அது வேறு விஷயம். டயர் மட்டும் அடுத்து மாற்றும்போது கம்பெனி சொன்ன அதே சைஸில் ஆல் டெரெய்ன் ரகம் போடுவதாக இருக்கிறோம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சைஸும் காற்றளவும் இருக்கின்றன, பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தும் ஒரே சைஸாக இருக்க வேண்டும், கடைக்காரர் நாலோடு நிறுத்திவிடுவார். டயரில் தயாரித்த வாரமும் வருடமும் நாலு இலக்கமாக அச்சிட்டிருக்கும். 1524 என்று இருந்தால் 2024-ஆம் வருடம் பதினைந்தாவது வாரம். பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தால் இதைக் காட்டிக் கேளுங்கள். அத்தைக்காக ஒரு மடக்குப் படிக்கு மட்டும் மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறோம், அதுவும் வண்டியில் வெல்டிங் வைக்காமல் கையில் எடுத்துப் போகும் மர ஸ்டூல் போலத்தான். கொழுந்தனார் இன்னும் கைபேசியில் லிப்ட் கிட் படங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வால்பாறை, ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் எஸ்டேட்டில் இருக்கும் வாசகியர் யாராவது, உங்கள் வீட்டு ஜீப்புக்கு என்ன டயர் போட்டிருக்கிறீர்கள், எத்தனை மழை தாங்கியது, ஏறி இறங்க உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று இந்தப் பகுதிக்கு எழுதினால் அதை வெட்டி எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

- ஒரு வாசகி, சிவகாசி